குளத்து மீன் ஆந்தையும் வயல் வெண்கூகையும்

வன்னியில் ஆந்தை பார்க்க ஆசைப்படுகிறவருக்கு நான் முதலில் சொல்வது மீன் ஆந்தையைத்தான். ஆளும் பெரிது, ஏறக்குறைய 55 சென்ரிமீற்றர். இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் ஓரம் பெரிய மருத மரம் நின்றால் அண்ணாந்து பாருங்கள். பொழுதுபட முன்னரே சிலவேளை வெளியே வந்துவிடும். மஞ்சள் கண், தலையில் கொம்புபோல இறகுகள். கால்களிலோ இறகு கிடையாது. பாதத்தின் அடியில் முள்போன்ற செதில்கள், வழுக்கும் மீனை இறுக்கிப் பிடிக்க. தவளை, நண்டையும் விடாது. இரை தண்ணீருக்குள் இருப்பதாலோ என்னவோ, மற்ற ஆந்தைகளைப்போல ஓசையில்லாமல் பறக்கும் வித்தை இதற்கு இல்லை. 1788இல் வைத்த அறிவியற் பெயரிலேயே இலங்கை இருக்கிறது.

வெண்கூகை வேறு ரகம். இதய வடிவ வெள்ளை முகம், கறுப்புக் கண். காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால் கும்மிருட்டிலும் எலி அசையும் இடத்தைக் காதாலேயே கண்டுபிடித்துவிடும். பழைய கட்டடங்களில் கூடு வைக்கும். சிறகில் சத்தமே இல்லை, தொண்டையில் மட்டும் அலறல். அதைக் கேட்டு, சாக்குருவி என்று கல்லெறிவோரும் உண்டு. வயல்காரர் செய்யவே கூடாத வேலை அது. எலிக்கு மருந்து விற்கிற விலையில், சும்மா வந்து பிடித்துத் தருகிறதை விரட்டுவதா?