மகளின் கையெழுத்து எங்கே என்று கேட்ட பத்திர எழுத்தர்

நங்கநல்லூரில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், இரண்டாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. விலை 58 லட்சம். அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணமும், என் மகன் வாங்கும் வங்கிக் கடனும் சேர்ந்தால்தான் அந்தத் தொகை வரும். மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டிலேயே காலம் போய்விட்டது. இந்த வீட்டுக்கான கிரய உடன்படிக்கையையும் பிறகு கிரயப் பத்திரத்தையும் எழுதிப் பதிவு செய்து கொடுத்த பத்திர எழுத்தரைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

முதலில் நாங்கள் போனது வேறொருவரிடம். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரிலேயே கடை. அரை மணி நேரத்தில் உடன்படிக்கையை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார். “முத்திரைத் தாளில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும். அக்ரிமெண்டை யாரம்மா பதிவு செய்கிறார்கள்? வீண் செலவு” என்றார். வீட்டுக்கு வந்து மூலப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டேன். வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் இடம் மாறியிருந்தன. பிரிபடாத பாகம், அதாவது குடியிருப்பு நிற்கும் நிலத்தில் இந்த வீட்டுக்குச் சேரும் பங்கு, எண்ணில் 410 சதுர அடி. எழுத்தில் நானூற்று ஒன்று. இதை நம்பி 6 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுக்க இருந்தேன் என்று நினைத்தபோது நெஞ்சு படபடத்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என்னுடன் வேலை பார்த்த தோழி ஒருத்தி சொல்லித்தான் இவரிடம் போனோம். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். அச்சடிப்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை. 1996-ஆம் ஆண்டுப் பத்திரத்தை வாங்கி, வரிக்கு அடியில் அடிக்கோலை வைத்து நகர்த்திக்கொண்டே முழுவதும் படித்தார். ஒரு மணி நேரம் ஆனது. பிறகு வீட்டை விற்கும் அம்மாவைப் பார்த்து, “பத்திரம் உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. அவர் உயில் எழுதி வைத்தாரா அம்மா?” என்று கேட்டார். இல்லை. “வாரிசுச் சான்றிதழைக் காட்டுங்கள்.” அதில் மூன்று பெயர்கள் இருந்தன: அந்த அம்மா, மகன், மகள். முதல் எழுத்தர் தயாரித்த உடன்படிக்கையில் அம்மாவும் மகனும் மட்டுமே விற்பவர்கள்.

“மகளின் கையெழுத்து எங்கே?”

அந்த அம்மா திகைத்துப் போனார். மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, சீர் வரிசை எல்லாம் குறைவில்லாமல் செய்தாகிவிட்டது, வீட்டில் பங்கு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள் என்றார். அவர் மனதில் துளியும் கள்ளம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்குமே தெரிந்தது. எழுத்தர் குரலை உயர்த்தவில்லை. உயில் இல்லாமல் இறந்த இந்துவின் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. வாய்ச்சொல்லால் அந்தப் பங்கு போகாது. மகள் விற்பவராகக் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று விளக்கினார். அடுத்து அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. “உங்கள் கணவர் இறந்தபோது உங்கள் மாமியார் உயிருடன் இருந்தாரா?” இறந்த ஆணின் தாய்க்கும் அதே அளவு பங்கு உண்டாம். மாமியார் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார் என்று தெரிந்ததும், அவருடைய இறப்புச் சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தார்.

திருச்சியிலிருந்து அந்தப் பெண் மறுவாரமே வந்தாள். அம்மாவுக்காகச் சந்தோஷமாகவே கையெழுத்திட்டாள். இது பின்னாளில் தெரிய வந்திருந்தால் அந்தக் குடும்பமும் என் குடும்பமும் நீதிமன்ற வாசலில் நின்றிருப்போம்.

உடன்படிக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய உடன்படிக்கையையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். சொத்தை ஒப்படைக்காத உடன்படிக்கை என்பதால் கட்டணம் முன்பணத்தில் 1 சதவீதம். எங்களுக்கு 6,000 ரூபாய். உடன்படிக்கையால் மட்டும் வீடு நம்முடையதாகிவிடாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் பதிவு செய்தால் அது, சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதே வீட்டை வேறொருவர் வாங்க வந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால் நம் பெயர் அவர் கண்ணில் படும். விற்பவர் பின்வாங்கினால் கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட, குறித்த கெடுவிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. 58 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 6,000 ரூபாய் வீண் செலவு என்று சொன்னவரை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. விவரம் தெரியாமல் எத்தனை பேர் அந்தக் கடையில் கையெழுத்துப் போட்டிருப்பார்களோ!

சொத்து விவரத்தை அவர் எழுதிய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1996 பத்திரத்தில் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம், ஆலந்தூர் நகராட்சி என்று இருக்கிறது. அந்த மாவட்டம் 1997-இல் இரண்டாகப் பிரிந்தது. ஆலந்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தது. ஆலந்தூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. வீடு நின்ற இடத்திலேயே நிற்க, முகவரி மட்டும் இத்தனை முறை மாறியிருக்கிறது. “முன்பு இன்னது, தற்போது இன்னது” என்று ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி, பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் சேர்த்தார். வங்கியின் வழக்கறிஞர் அந்தப் பகுதியில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.

செலவுக் கணக்கையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். மறு விற்பனை வீடு என்பதால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 5,22,000 ரூபாய். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவர்களுக்குத் தரும் பணத்தில் 1 சதவீத வருமான வரியை நாங்களே பிடித்துக் கட்ட வேண்டும், அதுவும் முன்பணம் தரும்போதே தொடங்க வேண்டும் என்றார். வாங்குபவர் இருவர், விற்பவர் மூவர் என்பதால் பணம் தந்த ஒவ்வொரு முறையும் ஆறு படிவங்கள் ஆயின. இது தெரியாமல் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பிறகு கைப்பணத்தைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பதிவு நாளில் சொல்ல அதிகமில்லை. கட்டணத்தை முன்னதாகவே இணையத்தில் கட்டியிருந்தோம். டோக்கன் எண் வந்தது, புகைப்படம் எடுத்தார்கள், விரல் ரேகை வைத்தோம், சாட்சிகள் இருவரும் ஆதார் அட்டையுடன் கையெழுத்திட்டார்கள். எழுத்தர் கடைசி வரை எங்களுடனேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிடுவதற்கு முன், பத்திரம் முழுவதையும் எனக்கும் விற்பவர்களுக்கும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அதை நான் மறக்க மாட்டேன்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்க மாட்டார். நேரில்தான் போக வேண்டும். அலுவலகம் மாடியில், படிக்கட்டு செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் சிரமப்படுவார்கள். உடன்படிக்கை வரைவு கைக்கு வர நான்கு நாட்கள் ஆயின. அவசரமாக முடிக்க நினைப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். இரண்டு பத்திரங்களுக்கும் சேர்த்து 14,000 ரூபாய் வாங்கினார். எதிர்க் கடைக்காரர் கேட்டது 8,000. அந்த வேறுபாட்டை நான் மனமாரக் கொடுத்தேன். பத்திரத்தைத் திரும்ப வாங்கிய அன்று, பட்டா மாற்றத்துக்கு எந்தெந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கோப்பின் உள் அட்டையில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை.