ஒருவரைச் சொல்ல ஒரு சொல்: ரோஜேயின் தெசாரஸ்

தெரிந்த ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத உட்கார்ந்தால் 'குட்', 'நைஸ்', 'சிம்பிள்' என்ற மூன்று சொற்களைத் தாண்டிப் பேனா நகர மறுப்பவர்களுக்கு, பீட்டர் மார்க் ரோஜே தொகுத்த தெசாரஸை, அதாவது பொருளால் நெருங்கிய ஆங்கிலச் சொற்களைத் திரட்டித் தரும் நூலை, நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். மருத்துவரான ரோஜே, தம் சொந்த எழுத்துக்கு உதவுவதற்காக 1805 ஆம் ஆண்டில் திரட்டிய சொற்பட்டியலை முதுமையில் விரிவாக்கி, 1852 இல் தமது 73 ஆம் வயதில் வெளியிட்டார். இதன் 1911 ஆம் ஆண்டுப் பதிப்பு புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நான் பயன்படுத்துவதும் அதையே.

இந்நூலில் சொற்கள் அகரவரிசையில் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் தலைப்புகளின்கீழ்ப் பொருள் அடிப்படையில் அவை தொகுக்கப்பட்டுள்ளன. மக்கட்பெயருக்கு ஒரு தொகுதி, பண்புப் பெயருக்கு ஒரு தொகுதி என்று பிரித்துவைத்த திவாகர நிகண்டை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இராது. எதிரெதிர்ப் பண்புகள் அடுத்தடுத்து நிற்பதே இதன் பெரிய பலம். 880 ஆம் தலைப்பில் தற்பெருமையும், 881 இல் அடக்கமும் வருவதால், நாம் சொல்ல நினைப்பது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தேடும்போதே தெளிவாகிவிடுகிறது.

மூத்த சக ஊழியர் ஒருவரின் பிரிவு விழாவுக்காகப் பாராட்டுரை எழுதியபோது, அவரை 'சிம்பிள் மேன்' என்று முதலில் குறித்திருந்தேன். எளிமையானவர் என்று நாம் மதிப்புடன் சொல்வதை, ஆங்கிலத்தில் அந்தச் சொல் சூதுவாது அறியாதவர் என்றும், சில இடங்களில் அறிவு மட்டானவர் என்றுங்கூட உணர்த்திவிடும். 881 ஆம் தலைப்பைப் புரட்டியபோது 'அனஸ்யூமிங்' என்ற சொல் கிடைத்தது. தகுதி இருந்தும் தம்மை முன்னிறுத்திக்கொள்ளாதவர் என்ற பொருள் அதில் முழுமையாக இருந்தது; அந்த மனிதரும் அப்படித்தான் இருந்தார்.

ஆனால் இந்நூலைத் தனியாக நம்பி எழுதக் கூடாது. சொற்களை அடுக்கித் தருகிறதே ஒழிய, அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அது விளக்குவதில்லை. பிடிவாதத்துக்கு உரிய 606 ஆம் தலைப்பில், 'ஆப்ஸ்டினேட்', 'டெனேஷியஸ்', 'ஸ்டபர்ன்' ஆகியவை ஒரே வரிசையில் நிற்கின்றன. கோவேறு கழுதையோடு ஒப்பிடும் 'மியூலிஷ்' என்ற வசையும் அங்கேயே இருக்கிறது. எடுத்த காரியத்தை விடாதவர் என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுத விரும்புபவருக்கு 'டெனேஷியஸ்' பொருந்தும். அதற்குப் பக்கத்துச் சொல்லை எடுத்துவிட்டால், வேலை கேட்டுப் போகும் ஓர் இளைஞரின் வாய்ப்பே கெட்டுவிடும். சிக்கனக்காரர் என்பதற்கும் கஞ்சன் என்பதற்கும் உள்ள தூரத்தை நாம் தாய்மொழியில் காதாலேயே அறிந்துகொள்கிறோம்; 'த்ரிஃப்டி', 'ஸ்டிஞ்ஜி' என்ற சொற்களுக்கு இடையிலும் அதே தூரம் உண்டு, ஆனால் அதைப் படித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

பழைய பதிப்பு என்பதால் வழக்கொழிந்த சொற்களும் நிறைய உண்டு. மெலிந்தவரைக் குறிக்கும் 'மாசிலென்ட்' என்ற சொல்லை இன்று எழுதினால் ஆங்கிலேயரே அகராதியைத் தேடுவார்கள்.

ஆகவே, கற்போருக்கான அகராதி ஒன்றையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. இவ்வகை அகராதிகளில் பல, ஒரு சொல் பாராட்டா பழிப்பா என்பதையும், அது பிரிட்டனில் வழங்குகிறதா அமெரிக்காவில் வழங்குகிறதா என்பதையும் குறித்துக் காட்டுகின்றன. இந்தக் குறிப்பு சிறியதாயினும் பெரிய சங்கடத்தைத் தவிர்க்கும். ஒரு பெண்மணியை 'ஹோம்லி' என்று எழுதினால், பிரிட்டனில் அன்பும் எளிமையும் உள்ளவர் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அமெரிக்காவில் அழகில்லாதவர் என்றே பொருள் கொள்வார்கள். அதனால் தெசாரஸில் நான் தேர்ந்த ஒவ்வொரு சொல்லையும் அகராதி தரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் வைத்துப் பார்த்து, அது யாரைப் பற்றி, எந்தத் தொனியில் வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கடிதத்தில் சேர்க்கிறேன்.