குறைமாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எடை மெஷின், நீளப் பலகை, பி.பி. மெஷின்: எதற்குக் காசு போடலாம்?

கோவையில் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்துவிட்டு வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் வீடு திரும்பும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பெற்றோர் முதலில் வாங்குவது டிஜிட்டல் எடை மெஷின். அதை வாடகைக்கு எடுத்தாலே போதும் என்பது எங்கள் முடிவு. காசு போட வேண்டியது, குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளக்கும் நீளப் பலகைக்கு. மூன்று வயது நெருங்கும்போது ரத்த அழுத்தம் பார்க்கும் பி.பி. மெஷினுக்கு.

எடை மெஷினில் 20 கிலோ தாங்குவதும் 10 கிராம் வரை காட்டுவதும் போதுமானது. எடுக்கும் முன் மளிகைக் கடையின் முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை 20 கிராமுக்கு மேல் மாறினால் அந்த மெஷின் வேண்டாம். கட்டில், பாய் மேல் வைத்தால் தப்பாகவே காட்டும். சிமென்ட் தரை நல்லது. நன்றாக நனைந்த டயப்பர் மட்டுமே 100 கிராமைத் தாண்டலாம், கழற்றிவிட்டு வையுங்கள். தினமும் எடை பார்ப்பது பயத்தைத்தான் வளர்க்கும். டாக்டர் வேறு சொல்லாவிட்டால் முதலில் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை.

எடை மட்டும் தெரிந்தால் பாதிதான் தெரியும். நீளம் கூடாமல் எடை மட்டும் விறுவிறுவென்று ஏறினால் அதில் கொழுப்பே அதிகம். குறைமாதப் பிள்ளைகளிடம் இதைக் கவனிக்கக் காரணம் உண்டு: கர்ப்பத்தின் 32 வாரத்துக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு 4 முதல் 10 வயதுக்குள்ளேயே, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததை 2004-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வு காட்டியது. இதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து பாலைக் குறைத்துவிடாதீர்கள். மூளை வளர்ச்சிக்கு ஆரம்ப மாத எடை மிக அவசியம். நீளத்தையும் சேர்த்துக் கவனியுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

சுருட்டி வைக்கும் துணி அளவுகோலை வாங்கவே வாங்காதீர்கள். குழந்தை முழங்காலை மடக்கினாலே ஓரிரு சென்டிமீட்டர் போய்விடும். தலைப்பக்கம் அசையாத பலகையும் கால்பக்கம் நகரும் பலகையும் உள்ளதாகப் பாருங்கள். ஆள் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் உச்சந்தலை பலகையில் முட்டும்படி பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதம் நேராகப் படியும்படி பலகையை நகர்த்த வேண்டும்.

இரண்டு வயது வரை வளர்ச்சி அட்டையில் திருத்திய வயதில்தான், அதாவது முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்த வயதில்தான், புள்ளி வைக்க வேண்டும். முழு கர்ப்பம் 40 வாரம்; 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அதில் 10 வாரம் குறைவு. பிறந்து 26 வாரம் ஆனபோது அதற்குக் கணக்கு 16 வாரம். பிறந்த தேதியை வைத்துப் புள்ளி வைத்தால் நன்றாக வளரும் பிள்ளைகூட ‘எடை பத்தாது’ பட்டியலில் விழும். உடனே வீட்டில் பெரியவர்கள் சர்க்கரையும் நெய்யும் போட்டு ஊட்டத் தொடங்கிவிடுவார்கள்.

பி.பி. மெஷின் எதற்கு? சிறுநீரக வடிகட்டிகளில் பாதிக்கு மேல் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. முன்கூட்டிப் பிறந்தால் அந்த எண்ணிக்கை குறையலாம், பின்னாளில் ரத்த அழுத்தம் ஏறலாம். மெஷினோடு வரும், கையில் சுற்றும் பட்டை பெரும்பாலும் 22–32 செ.மீ. சுற்றளவுள்ள பெரியவர் கைக்கானது; குழந்தைக்குக் கட்டினால் அழுத்தம் குறைவாகக் காட்டும், இருக்கும் கோளாறும் மறைந்துவிடும். பட்டை சின்னதாக இருந்தாலோ கூட்டிக் காட்டும். மேல்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் அந்தச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும், நீளம் 80 முதல் 100 சதவீதம். குழந்தைகளுக்குச் சரிபார்க்கப்பட்டது என்று பெட்டியில் இல்லாத மாடலைத் தவிர்த்துவிடுங்கள்.

அழுகை நின்று ஐந்து நிமிடம் கழித்து, முதுகைச் சாய்த்து உட்காரவைத்து, வலது கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். 120/80 கணக்கு சின்னப் பிள்ளைகளுக்குச் செல்லாது. வயதும் உயரமும் சேர்ந்த அட்டவணையை டாக்டர்தான் பார்க்க வேண்டும். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு மூன்று வயதுக்கு முன்பே ஒவ்வொரு செக்கப்பிலும் பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளூக்கோமீட்டர் வாங்க வேண்டாம். இன்சுலின் மந்தமாக இருந்தாலும் பல ஆண்டுகள் சர்க்கரை அளவு சரியாகவே காட்டும்.