ரேடான் சோதனை: சில நாள் கரிப்பொதியா, குளிர்காலம் முழுவதும் வைக்கும் தடக் கருவியா?

வீட்டுக்குள் ரேடான் என்னும் கதிரியக்க வாயு எவ்வளவு இருக்கிறது என்று அறியப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன: சில நாள்கள் மட்டும் வைத்து ரேடானை உறிஞ்ச விடும் கரிப்பொதி, மூன்று மாதங்களேனும் வைக்க வேண்டிய ஆல்ஃபா தடக் கருவி, அளவைத் திரையில் காட்டும் மின்னணு மானி. கனடாவின் வின்னிபெக் நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு நாங்கள் தேர்ந்தது தடக் கருவி. இங்கு வாழும் எவருக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

சோதிக்க வேண்டுமா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. மண்ணிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து உருவாகும் இவ்வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. கனடாவில் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவது இதுவே. ஆண்டுக்கு 3,000க்கும் மேற்பட்டோர் இதனால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

கரிப்பொதியின் ஒரே சிறப்பு விரைவு. வீட்டை வாங்கும் அவசரத்தில் அது உதவலாம். ஆனால் ரேடானின் அரை ஆயுள் (அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம்) 3.8 நாள்களே என்பதால், பொதியை மூடியவுடன் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். தாமதித்தால் அளக்க வேண்டியதே கரைந்து போகும்.

என் முடிவைத் தீர்மானித்தது கால அளவுதான். ரேடான் ஒரே நிலையில் நிற்பதில்லை: காற்றழுத்தம் இறங்கினாலும், காற்று வீசும் போக்கு மாறினாலும், சன்னலைத் திறந்தாலும் அளவு நாளுக்கு நாள், ஏன், மணிக்கு மணி மாறுகிறது. குளிர்காலத்தில் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும்போது வீட்டின் அடிப்பகுதியில் அழுத்தம் குறைந்து, நிலவறைத் தரையின் வெடிப்புகள், குழாய் நுழையும் இடைவெளிகள், நீர் சேரும் குழி ஆகியவற்றின் வழியாக மண்ணிலுள்ள வாயு உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே இரண்டு மூன்று நாள் எண் நல்ல வீட்டைக் கெட்டதென்றும், கெட்ட வீட்டை நல்லதென்றும் காட்டக்கூடும். கனடாவின் வழிகாட்டு வரம்பு கன மீட்டருக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அது ஆண்டுச் சராசரியைக் குறிப்பது. உலக சுகாதார அமைப்பு 100ஐயே விரும்பத்தக்க அளவாகச் சொல்கிறது. இத்தகைய சராசரியோடு ஒப்பிட நீண்ட கால அளவீடே பொருந்தும் என்பதால்தான், கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா வீட்டைச் சூடாக்கும் பருவத்தில் குறைந்தது மூன்று மாதச் சோதனையைக் கேட்கிறது. தடக் கருவிக்குள் இருக்கும் சிறு நெகிழித் துண்டில், ரேடான் சிதையும்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள்கள் பதிக்கும் தடங்களை ஆய்வகம் பின்னர் எண்ணுகிறது. மின்சாரமோ பராமரிப்போ தேவையில்லை, விலையும் குறைவு.

மின்னணு மானியைப் பற்றி நான் தயக்கத்துடனேயே சொல்ல முடியும். நூலகத்தில் இரவல் பெற்றுச் சிறிது காலமே பயன்படுத்தினேன். (கனடாவில் பல பொது நூலகங்கள் இதை இரவல் தருகின்றன.) அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் காண்பது பயனுள்ளது, ஆனால் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பதறும் மனநிலையும் கூடவே வருகிறது.

எங்கள் சராசரி 200ஐத் தாண்டியிருந்ததால், நிலவறைத் தரையைத் துளைத்துக் குழாயும் விசிறியும் பொருத்தி, அடிமண் வாயுவை வெளியேற்றினோம். அதற்குச் சில ஆயிரம் டாலர் செலவாகும். அவ்வளவு பணத்தைச் சில நாள் எண்ணை நம்பிச் செலவிடவும் கூடாது, அதை நம்பிச் செலவிடாமல் இருக்கவும் கூடாது. திருத்தத்துக்குப் பிறகு விசிறி வேலை செய்கிறதா என்று உடனே பார்க்க மட்டும் குறுகிய சோதனை போதும். அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் தடக் கருவியையே வைக்க வேண்டும்.