"437 பிளகின்" என்று விற்கப்பட்ட கணினி: வன்னியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர்களுக்கு

வவுனியாவில் ஒரு கடையில் பாவித்த ஸ்ரூடியோ கணினி ஒன்று 2,30,000 ரூபாவுக்கு வாங்கப்பட்டது. கணினிக்கும் ஓடியோ இன்ரர்பேஸுக்கும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 1,40,000. மிச்சம் 90,000 அதற்குள் இருந்த "ஒரிஜினல் பிளகின் கலெக்சனுக்கு". பிளகின் என்றால் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகும், வாத்திய ஒலி தரும் அல்லது ஒலியை மெருகூட்டும் சிறு மென்பொருள். அந்த 90,000 முழுதாகப் போய்விட்டது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கை கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வட்ஸ்அப் குழுக்களிலும் விற்கிறார்கள். எப்படி விற்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் தப்பலாம்.

இது ஏன் இங்கே இவ்வளவு விலைபோகிறது என்பது விளங்காத காரியமில்லை. பெரிய வாத்திய நூலகங்கள் (வாத்திய ஒலிகளைப் பதிந்துவைத்த கோப்புத் தொகுதிகள்) நூற்றுக்கணக்கான ஜிகாபைட். முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ போன் டேற்றாவை வைத்து அதை இறக்க ஏலாது. டொலரில் காசு கட்ட எல்லா வங்கிக் காட்டும் சரிவராது. எல்லாம் ஏற்றிய ஒரு டிஸ்க் கையில் வந்தால் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் டிஸ்கில் கிடப்பது வெறும் கோப்பு. உரிமை, பிளகின் நிறுவனத்தின் தளத்தில் உள்ள இணையக் கணக்கில் இருக்கிறது.

விளம்பரத்தில் இரண்டு படம் இருந்தன. ஒன்று கியூபேஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் பிளகின் மனேஜர், 437 வரிகள். மற்றது ஐலொக் லைசன்ஸ் மனேஜர் (பல நிறுவனங்களின் பிளகின் லைசன்ஸைக் காட்டும் மென்பொருள்), அதன் மூலையில் கணக்குப் பெயர். அந்த மூலையைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். கணக்கு விற்பவருடையது, விற்ற பிறகும் அவருடையதாகவே இருந்தது.

437 என்ற எண்ணே ஊதிய எண். ஒரே பிளகின் பழைய வி.எஸ்.ரி.2 வடிவிலும் புதிய வி.எஸ்.ரி.3 வடிவிலும் நிறுவப்பட்டால் இரண்டு வரி வரும். அப்படி வந்தவை 138. வேவ்ஸ் நிறுவனத்தின் பிளகின்கள் மோனோவுக்கு ஒரு வரி, ஸ்ரீரியோவுக்கு ஒரு வரி என்று நிற்கும். அதில் கூடுதலாக வந்தவை 84. எவரும் சும்மா இறக்கக்கூடிய இலவசங்கள் 61. மிச்சம் 154. அதில் 119 பூட்டு உடைத்தவை, அதாவது லைசன்ஸ் இல்லாமலே ஓடும்படி களவாக மாற்றியவை. உண்மையான லைசன்ஸ் உள்ளவை 35. அந்த 35இலும் 22, வேறு பொருளோடு சும்மா கொடுத்தவை, மாணவர் விலையில் எடுத்தவை, மறுவிற்பனைக்கு அல்ல என்று குறித்தவை. கைமாற்றக்கூடியவை 13. வாங்கியவரின் பெயருக்கு மாறியது ஒன்றுமில்லை.

விற்கும்போது சொன்னது: "அண்ணை, ஸ்ரூடியோ மெசினுக்கு நெற் குடுக்காதேங்கோ. அப்டேற் வந்தால் எல்லாம் குழம்பிப் போகும்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் வினை. வேலை நடக்கும்போது விண்டோஸ் அப்டேற் ஓடிக் கெடுக்கக்கூடாது என்று பலர் ஸ்ரூடியோ கணினியை நெற் இல்லாமல்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த நல்ல புத்தி களவை மூடிவைக்கப் பாவிக்கப்பட்டது. 19 நாள் எல்லாம் வேலை செய்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்திய பாட்டு வேலைக்காகக் கணினியை நெற்றில் கொழுவிய பின்னர்தான் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

வாத்திய நூலகங்களை நிறுவிப் புதுப்பிக்கும் நேற்றிவ் அக்செஸ் என்ற மென்பொருள் கடவுச்சொல் கேட்டது. கொடுத்திருந்த கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. மீட்க முயன்றால் மடல் விற்றவரின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். முறைப்படி கொன்ராக்ட் பிளேயரை (வாத்திய நூலகங்களை வாசிக்கும் கொன்ராக்ட் மென்பொருளின் இலவசப் பதிப்பு) நிறுவிப் பார்த்தபோது புல்லாங்குழல் நூலகம் திறந்தது, 15 நிமிடத்தில் சத்தம் நின்றது. முழுக் கொன்ராக்ட் தேவைப்படும் நூலகத்தை இலவச பிளேயரில் திறந்தால் 15 நிமிட மாதிரி ஓட்டம்தான் கிடைக்கும். அதுவரை அந்த நூலகம் வேலை செய்ததற்குக் காரணம், உள்ளே இருந்த கொன்ராக்டே பூட்டு உடைத்தது. அந்த உடைத்த கொன்ராக்டில் சில கருவிகள் "புதிய பதிப்பில் சேமித்தது" என்று சொல்லித் திறக்கவே மறுத்தன. உடைத்த பதிப்பை நேற்றிவ் அக்செஸ் ஊடாகப் புதுப்பிக்க ஏலாது. எனவே அதற்குப் பரிகாரம் இல்லை.

இவ்வளவையும்விட மோசமானது விண்டோஸ் டிஃபென்டர். அதன் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது அந்தக் கணினியில் வைரஸ் காவலே இல்லை. வங்கிக் காட் இலக்கம் ஒருநாளாவது அதில் தட்டியிருந்தால் காட்டை மாற்றுவதுதான் புத்தி.

காசு கொடுக்க முன்னர் கடையிலேயே, போன் ஹொட்ஸ்பொட்டை கொழுவிவிட்டு, 20 நிமிடத்தில் பார்க்கக்கூடியவை இவை. நெற் குடுக்க விடமாட்டேன் என்றால் அங்கேயே எழும்பிவிடலாம்.

விண்டோஸ் செக்கியூரிற்றியைத் திறந்து வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் செற்றிங்ஸில் அடியில் எக்ஸ்குளூசன்ஸ் என்று இருக்கும். சுத்தமான கணினியில் அது வெறுமையாக இருக்கும். அடுத்தது ஹோஸ்ட்ஸ் கோப்பு. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இ.ரி.சி. (etc) என்ற கோப்புறையில் அது இருக்கும். நோட்பாட்டில் திறந்தால் எல்லா வரியும் ஹாஷ் (#) குறியோடு தொடங்க வேண்டும். 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கிப் பக்கத்தில் பிளகின் நிறுவனத்தின் இணைய முகவரி நின்றால், அந்த நிறுவனத்தோடு கணினி பேசாமல் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாவது, நாலைந்து பிளகின்களைத் திறந்து அவற்றின் "எபவுட்" பெட்டியைப் பார்ப்பது. பலவற்றில் உரிமையாளர் பெயர் இருக்கும். ஃபப்ஃபில்ரர் நிறுவனத்தின் பிளகின் போன்றவற்றில் தெளிவாகவே தெரியும். அங்கே ஆள் பெயருக்குப் பதிலாக பூட்டு உடைக்கும் ஏதோ குழுவின் பெயர் நின்றால் கதை முடிந்தது.

டொங்கிள் (லைசன்ஸ் தங்கியிருக்கும் யு.எஸ்.பி. சாவி) சேர்த்துத் தருகிறேன் என்றாலும் கவனம் வேண்டும். கியூபேஸ் 2022இல் வந்த 12ஆம் பதிப்போடு டொங்கிளை விட்டுவிட்டது. அந்த டொங்கிள்களைப் பராமரித்த பழைய இலைசன்சர் (eLicenser) சேவையை, கியூபேஸைச் செய்யும் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 2025 மே மாதத்தோடு மூடிவிட்டது. அந்தப் பழைய டொங்கிள் செருகியிருக்கும்வரை வேலை செய்யலாம். பழுதானால் அதிலுள்ள லைசன்ஸை எடுத்து வேறிடம் வைக்க வழியில்லை. அதற்கு எவரும் விலை சொன்னால் சிரித்துவிட்டு வரலாம்.

கைமாற்றக்கூடிய லைசன்ஸ் என்றால் மாற்றுவது விற்பவர் தன் கணக்கிலிருந்து தொடங்கவேண்டிய வேலை. சில நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் எடுக்கும், சில உதவிப் பிரிவுக்கு மடல் போடச் சொல்லும், சில மாற்றவே விடாது. எனவே கணக்கு மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் எழுதித் தருகிறேன் என்பதை ஏற்கவே கூடாது. முதலில் கணினிக்கு மட்டும் காசு. லைசன்ஸ் வாங்குபவரின் கணக்கில் வந்து நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு.

பற்றுச்சீட்டில் நடந்த பிழையும் பெரியது. "கணினி 1, பாவித்தது" என்று மட்டும் எழுதி முழுத் தொகையும் போட்டிருந்தது. பிளகின் பற்றி ஒரு சொல் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தாலும் மத்தியஸ்த சபைக்குப் போனாலும் முதலில் பற்றுச்சீட்டைத்தான் கேட்பார்கள். பிளகின் பெயர், எண்ணிக்கை, எந்தத் திகதிக்குள் பெயர் மாற்றித் தரப்படும் என்பது மூன்றும் அதில் இருக்கவேண்டும். பேசிய வட்ஸ்அப்பை அழிக்கக்கூடாது.

சொந்தமாக உள்ளவற்றுக்கு ஒரு பதிவேடு இருந்தால் இந்தப் பித்தலாட்டம் எடுபடாது. எக்செல் தாள் போதும். பிளகின் பெயர், நிறுவனம், பதிப்பு, வி.எஸ்.ரி.2ஆ 3ஆ, லைசன்ஸ் எங்கே இருக்கிறது (டொங்கிள், கணினி, கிளவுட், வெறும் தொடர் இலக்கம்), எந்த மின்னஞ்சல் கணக்கு, வாங்கிய திகதி, ஓடர் இலக்கம், எத்தனை கணினிக்கு அனுமதி, எத்தனை பாவித்தாயிற்று, நிறுவும் கோப்பு எந்த டிஸ்கில். கோப்புறையைப் பார்த்து இதை எழுதக்கூடாது. வேவ்ஸ் எல்லாம் வேவ்ஷெல் என்ற ஒரே கோப்புக்குள் நிற்கும், ஐம்பது பிளகின் இருந்தாலும் வெளியே தெரிவது அதுதான். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குச் சுகம். ஸ்கான் செய்த பட்டியலை அது தன் அமைப்புக் கோப்புறையில் ஐ.என்.ஐ. கோப்பாக எழுதிவைக்கும், நோட்பாட்டில் திறந்து அப்படியே பிரதி எடுக்கலாம்.

கணக்குகளைக் கூடத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து அதில் வைக்கவேண்டும். மிக்ஸிங் பார்க்கிற தம்பியின் சொந்த மின்னஞ்சலில் வாங்கினால், அவர் கனடா போகிற அன்று பிளகினும் விமானம் ஏறும். பதிவேட்டை ஒரு தாளில் அச்சடித்து ஃபைலிலும் போட்டுவைக்க வேண்டும், கடவுச்சொல் இல்லாமல். பட்டியலும் அதே டிஸ்கில் இருந்தால் டிஸ்கோடு அதுவும் போகும்.

லைசன்ஸை எங்கே வைப்பது என்பதிலும் இடத்துக்கேற்ற கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் மதர்போர்ட் எரிந்தால் கணினியோடு கட்டிய லைசன்ஸும் அதோடு சிக்கிக்கொள்ளும். பிறகு நிறுவனத்துக்கு எழுதிக் கெஞ்ச வேண்டும். விண்டோஸை அழித்து நிறுவினாலும் அதே கதை, முன்கூட்டியே டிஅக்ரிவேற் செய்து லைசன்ஸைக் கணினியிலிருந்து விடுவிக்காவிட்டால். ஐலொக் போன்ற டொங்கிள், கிளவுட் இரண்டில் ஒன்று நல்லது. வேவ்ஸ் லைசன்ஸைச் சாதாரண பென் டிரைவில் வைக்கலாம். ஆனால் அந்தப் பென் டிரைவில் பாட்டுக் கொடுக்கக் கூடாது. கோயில் ஒலிபெருக்கிக்காரர் அதை ஃபோர்மட் செய்தால் லைசன்ஸும் அழியும். நிறம் மாற்றி, ரேப் சுற்றி, லாச்சிக்குள் வைப்பதுதான் வழி.

மாட்டுப்பட்ட கணினியை அப்படியே வைத்திருக்கவும் முடியாது, உடனே அழிக்கவும் முடியாது. உள்ளே முடிக்காத பாட்டுகள் இருக்கும். பிளகின் போனால் பழைய புரொஜெக்ற் ஊமையாகிவிடும். ஒவ்வொரு பாட்டையும் திறந்து, எல்லாத் தடத்தையும் முதல் பாரிலிருந்தே (தாளத்தின் முதல் சுற்றிலிருந்தே), எஃபெக்ற் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என 24 பிற் 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுக்கவேண்டும். மிடியையும் (வாசித்த சுரக் குறிப்புகள்) ரெம்போவையும் (பாட்டின் வேகம்) தனியே சேமிக்கவேண்டும். ஸ்ரீரியோத் தடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டில் 30 தடம் என்றால் ஒரு தொகுதிக்கே 2.6 ஜிகாபைட், இரண்டுக்கும் அதன் இருமடங்கு. அது முடிந்த பிறகு விண்டோஸைச் சுத்தமாக அழித்து நிறுவலாம். வேவ் கோப்புகளைத் தவிர அந்த டிஸ்கிலிருந்து வேறொன்றையும் திருப்பி ஏற்றக்கூடாது, நிறுவும் கோப்புகளை முக்கியமாக.

வெறுங்கையோடு நிற்கவேண்டியதுமில்லை. ரி.டி.ஆர். நோவா ஈக்யூ (ஒலியின் கனம், கூர்மையைத் திருத்துவது), வல்ஹல்லா சூப்பர்மாசிவ் (எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப்), சேர்ஜ் எக்ஸ்.ரி. (மின்னொலி வாத்தியம்), டிசென்ற் சாம்பிளர் (வாத்திய நூலகங்களை வாசிப்பது) எல்லாம் இலவசம், முறையானவை, சிறியவை. போன் டேற்றாவிலேயே இறங்கும். ஒரு பக்திப்பாட்டு இறுவட்டுக்கு ஈக்யூவும் ரிவேர்பும் இவற்றிலேயே அடங்கும். ரீப்பரை 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்த்துவிட்டு, சிறு கூடமென்றால் 60 டொலருக்கு லைசன்ஸ் எடுக்கலாம். 90,000 ரூபாவுக்கு வாங்கிய 119 உடைத்த பிளகினில் ஒன்றுகூட இப்போது அந்தக் கணினியில் இல்லை, பாட்டு வேலை நடக்கிறது.

அதே விளம்பரம் போன கிழமை பரந்தன் பக்கக் குழு ஒன்றில் மறுபடி வந்தது. அதே 437 வரிப் படம், விலை மட்டும் 75,000. ஐலொக் படத்தில் கணக்குப் பெயர் இருந்த மூலையை வெட்டியிருக்கிறார்கள்.