துருவத்தில் 90 கி.மீ. உயரக் காற்று: எந்தக் கருவியை நம்பலாம்?

ஆர்க்டிக் கோடைக் காற்றையும் அண்டார்டிக் கோடைக் காற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலை எனக்கு. உயரம் 80 முதல் 100 கி.மீ. வரை. பலூன் அங்கே எட்டாது. ராக்கெட் எட்டும், ஆனால் ஆண்டு முழுக்கவா ஏவிக்கொண்டிருக்க முடியும்? நான் எடுத்துக்கொண்டது எரிகல் ரேடார் தரவு, அதாவது வானில் எரியும் கற்களின் தடத்திலிருந்து காற்றை அளக்கும் ரேடாரின் தரவு. மற்றவற்றை ஏன் விட்டேன் என்று சொல்கிறேன்.

மேல்வளிமண்டலம் தானே உமிழும் மங்கலான ஒளியின் (வானொளியின்) டாப்ளர் விலகலை, அதாவது காற்றின் நகர்வால் அலைநீளம் மாறுவதை, அளக்கும் ஃபேப்ரி-பெரோ கருவிக்கு இருட்டு வேண்டும். கோடையில் சூரியனே மறையாத ஊரில் அது சும்மா கிடக்கும். எனக்கு வேண்டியதோ கோடைதான். நாசாவின் டைம்ட் செயற்கைக்கோளில் காற்றை அளக்கும் டிடி கருவி இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தின் 24 மணி நேரத்தையும் அது பார்த்து முடிக்க ஏறக்குறைய 60 நாள் ஆகும். துருவத்தில் 12 மணி நேர வளிமண்டல ஓதம் (12 மணிக்கு ஒருமுறை காற்று ஏறி இறங்கும் அலைவு) பலமானது. அதைச் சராசரிக் காற்றிலிருந்து பிரிப்பதற்குள் பருவமே மாறிவிடும்.

ஆக, நிஜமான போட்டி எம்.எஃப். (நடுத்தர அதிர்வெண்) ரேடாருக்கும் எரிகல் ரேடாருக்கும்தான். இரண்டும் வெயிலானாலும் பனியானாலும் இரவு பகலாக ஓடும். எம்.எஃப். ரேடார் ஏறக்குறைய 2 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. ஓர் அரையலை ஆன்டெனாவே 75 மீட்டர் நீளம். புயலடிக்கும் இடத்தில் அதைக் கம்பத்தில் கட்டி நிறுத்திவைப்பது எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. எரிகல் ரேடாருக்கு 30 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், பொதுவாக ஐந்து சின்ன ஏற்பி ஆன்டெனாக்கள், ஒரு கால்பந்து மைதானத்துக்குள் அடங்கும் இடம்.

பராமரிப்பைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது 90 கி.மீ.க்கு மேலே கிடைக்கும் எண்கள். துருவக் கோடையில் காற்று கீழே மேற்கு நோக்கி வீசி, 90 கி.மீ.யை ஒட்டித் திசை திரும்பி, மேலே கிழக்கு நோக்கி வலுக்கும். ஆய்வின் மையமே இந்தத் திருப்பம்தான். எம்.எஃப். முறை காற்றை நேரடியாக அளப்பதில்லை. எதிரொலிக் கோலம் ஓர் ஆன்டெனாவிலிருந்து அடுத்ததற்கு நகர்வதை ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது. மேலே போகப் போக இந்தக் கணக்கு வேகத்தைக் குறைத்துக் காட்டும். போதாததற்கு, அயனிகள் மிகுந்த அடுக்கில் அலை மெதுவாகப் போய்வருவதால், காட்டும் உயரம் உண்மையைவிடக் கூடிவிடும். துருவ ஒளி வரும் நாளில் கேட்கவே வேண்டாம். இரண்டு ரேடாரும் ஒரே இடத்தில் ஓடிய ஒப்பீடுகளிலும், 90 கி.மீ.க்கு மேல் எம்.எஃப். வேகம் குறைவாகவே வந்திருக்கிறது. திருப்பத்தின் மேல்பாதியே மெலிந்து தெரிந்தால் அப்புறம் எதை ஒப்பிடுவது?

எரிகல் ரேடார் எரிந்துபோன கல்லின் அயனித் தடம் காற்றோடு நகரும் வேகத்தை டாப்ளர் விலகலிலிருந்தே எடுக்கிறது. எதிரொலி வரும் கோணம் சரியாக இருந்தால் உயரமும் சரி. ஆன்டெனாக்களில் பதிவாகும் அலையின் கட்டம் (phase) கொஞ்சம் பிசகினால் உயரம் கெடும் என்பது உண்மை. ஆனால் எரிகற்கள் எந்த உயரத்தில் எரியும் என்பது தெரிந்ததால், பிசகைத் தரவை வைத்தே கண்டுபிடித்துத் திருத்தலாம். அண்டார்டிக்காவின் ரோத்தெராவில் 2005 முதலும், ஸ்வீடனின் எஸ்ரேஞ்சில் 1999 முதலும் ஒரே வகை எரிகல் ரேடார்கள் ஓடியிருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய 68 பாகை அட்சரேகையில், ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே. எனக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி வேண்டியதில்லை.

குறையும் உண்டு. 80 கி.மீ.க்குக் கீழே தடங்கள் சொற்பம், எம்.எஃப். ரேடார் 70 கி.மீ.க்கும் இறங்கும். பல பத்தாண்டுப் போக்கைத் தேடுகிறவருக்கும் பழைய எம்.எஃப். தரவுதான் கைகொடுக்கும். அண்டார்டிக்காவில் நியூசிலாந்தின் ஸ்காட் பேஸ் நிலையத்து எம்.எஃப். ரேடார் 1982 முதலே ஓடியது. அப்படி ஒரு வேலை வந்தால் நானும் அதைத்தான் எடுப்பேன், 90 கி.மீ.க்கு மேலுள்ள எண்களை ஒதுக்கிவிட்டு. லேசர் ஒளியால் அளக்கும் லிடாரைப் பற்றி நான் பேசவில்லை. அந்தத் தரவோடு எனக்குப் பழக்கம் இல்லை.