ரீஃபண்டைப் பழைய பாக்கிக்குப் பிடிக்கிறார்களா? திருத்த மனுவா, மேல்முறையீடா?

1961 வருமான வரிச் சட்டத்தின் 245-ம் பிரிவு நோட்டீஸ் (ரீஃபண்டைப் பழைய வரிப் பாக்கிக்குப் பிடிக்கப்போகிறோம் என்ற அறிவிப்பு) வந்தால், முதலில் போர்ட்டலில் 21 நாளுக்குள் 'பாக்கியை ஏற்கவில்லை' என்று பதில் போடுங்கள், சும்மா இருந்தால் பிடித்துவிடுவார்கள். அப்புறம்தான் இந்தக் கேள்வி.

செலவு: 154-ம் பிரிவுத் திருத்த மனுவுக்கு (உத்தரவில் வெளிப்படையாகத் தெரியும் பிழையைச் சரிசெய்யக் கேட்பது) பைசா கிடையாது. மேல்முறையீட்டுக்குப் படிவம் 35, கட்டணம் 250 முதல் 1,000 ரூபாய், ஆடிட்டர் கூலி தனி.

கெடு: திருத்தத்துக்கு, உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து 4 ஆண்டு. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

ரிட்டர்னில் சலான் எண் ஓர் இலக்கம் மாறி, கட்டிய வரி ஏறாமல் பாக்கியாக நிற்கிறதா? திருத்த மனு போதும். வருமானத்தில் கழித்துக் காட்டிய வரிக்கழிவு செல்லுமா என்று வாதாட வேண்டியிருந்தால் மேல்முறையீடுதான், ஆனால் அதைப் போட்டதாலேயே வசூல் நிற்காது, தடை தனியாகக் கேட்க வேண்டும்.